நீல மூடிக் குழாய் ஏற்காட்டில் ஏன் நிறைவதில்லை?

ஏற்காடு மையம்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு சிறிய இரத்த சேகரிப்பு மையத்தில் நான்கு ஆண்டுகளாக டெக்னீசியனாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜும் ஒரு ஃபிரிட்ஜும் மட்டுமே உள்ளன. காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை எடுக்கும் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் செல்லும் வண்டியில் சேலத்து லேபுக்கு அனுப்பிவிடுகிறோம். பரிசோதனை முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, புரோத்ராம்பின் நேரம், அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரம், பார்ப்பதற்கான நீல மூடிக் குழாய் எங்கள் மையத்தில் பெரும்பாலும் குறி வரை நிறைவதில்லை. நிறையாத குழாயைச் சேலத்தில் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இதய வால்வு மாற்றிக்கொண்டு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் ஒரு பெரியவர், காப்பித் தோட்டத்திலிருந்து நடந்து வருபவர், ஒரே மாதத்தில் மூன்று முறை கையை நீட்ட வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் தாங்கவில்லை.

இரண்டாவது, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் பொட்டாசியம் 5.8, 6.1 என்று இயல்பைவிட அதிகமாக வருகிறது. அவர்களே சேலத்துக்கு நேரில் போய்க் கொடுத்தால் 4.3 என்று வருகிறது. பெட்டியில் ஐஸ் பேக் வைக்க நான் ஒரு நாளும் தவறியதில்லை. மேற்பார்வையாளர் இரண்டு குறைகளுக்கும் என் கையைத்தான் காரணம் காட்டுகிறார். உண்மையிலேயே என் கைதான் காரணமா?

அம்மாபேட்டை

ஊசியைச் சற்று முன்னதாக எடுத்துவிடுகிறீர்களா? கையில் கட்டும் ரப்பர் பட்டையை முதல் குழாய்க்கே அவிழ்த்துவிட்டால், சிரை மெலிந்தவர்களுக்கு இரத்தம் மெதுவாகத்தான் வரும். நீல மூடி நிறையாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் பெரும்பாலானவை இவைதான்.

பழைய டெக்னீசியன், செவ்வாய்ப்பேட்டை

அம்மா, கையைக் குறை சொல்வதற்கு முன்னால் குழாயைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். இரத்தம் தானாக நின்றுவிடுகிறதா, அல்லது நீங்கள் நிறுத்துகிறீர்களா? ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தாலும் அளவு ஏறவில்லையா? அதே பெட்டியிலுள்ள குழாய்கள் சேலத்தில் நிறைகின்றனவா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சில் இரத்தம் எடுத்து, மருந்து போட்டு உலர்த்திய சிறு குப்பிகளில் ஊற்றுவோம். சிவப்பணு எண்ணுவதற்குத் தோமா பிப்பெட்டின் ரப்பர்க் குழாயை வாயில் வைத்து 0.5 குறி வரை இரத்தத்தை உறிஞ்சி, பிறகு இரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவத்தை 101 வரை உறிஞ்சுவோம். கவனம் ஒரு கணம் தவறினால் இரத்தம் நாக்குக்கு வந்துவிடும். என்னோடு பயின்றவர்களில் மஞ்சள் காமாலை வராதவர்கள் குறைவு. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் என்பவர் 1957-இல் விசைச்சுருள் வைத்த நுண்பிப்பெட்டைச் செய்தது இந்த வாயால் உறிஞ்சும் வழக்கத்துக்கு மாற்றாகத்தான். ஆனால் அது எங்கள் மேசைக்கு வந்து சேர எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

நீங்கள் பயன்படுத்தும் வெற்றிடக் குழாயை உருவாக்கியவர் ஜோசப் கிளைனர். அதற்கான காப்புரிமை 1949-இல் வழங்கப்பட்டது. எவ்வளவு இரத்தம் எடுப்பது என்ற முடிவை எடுப்பவரின் கையிலிருந்து விலக்கி, குழாயினுள் இருக்கும் வெற்றிடத்திடம் ஒப்படைத்ததுதான் அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். அதனால்தான் குழாய் குறைவாக இழுத்தால் முதலில் குழாயை விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

ஏற்காடு மையம்

ஐயா, இரத்தம் தானாகவே நின்றுவிடுகிறது. காத்திருந்தும் பார்த்தேன், ஏறவில்லை. அதே பெட்டியிலிருந்து பத்துக் குழாய்களைச் சேலத்தில் பணிபுரியும் என் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். பத்தும் குறிக்கு அருகே நிறைந்தன என்று அவள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் என் கையில்தான் குறை என்று நானே நம்பத் தொடங்கினேன்.

இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

தங்கையிடம் கொடுத்துப் பார்த்த அந்தச் சோதனையே உங்களை விடுவித்துவிட்டது, அம்மா. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் இது பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் நடத்தும் பாயில் விதி.

வெற்றிடக் குழாய் என்று பெயர் இருந்தாலும் அதனுள் முழு வெற்றிடம் இருப்பதில்லை. குறிப்பிட்ட அளவு இரத்தத்தை மட்டும் இழுக்கும்படி, தொழிற்சாலையில் அதற்குள் சிறிது காற்றை விட்டுவைக்கிறார்கள். இரத்தம் உள்ளே வர வர அந்தக் காற்று நெருக்கப்படுகிறது. அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமானதும் இழுப்பு நின்றுவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தில் அந்தச் சமநிலை முன்னதாகவே வந்துவிடும்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். எடுத்துக்காட்டாக, உள்ளிருக்கும் உறைவு தடுக்கும் மருந்து போக 4.5 மில்லி இடமுள்ள ஒரு குழாய், கடல் மட்டத்தில் 2.7 மில்லி இழுக்குமாறு செய்யப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தபின் காற்றுக்கு எஞ்சும் இடம் 1.8 மில்லி. ஆகவே தொடக்கத்தில் உள்ளே இருந்த அழுத்தம் வெளியழுத்தத்தில் 0.4 பங்கு. ஏற்காட்டில் அதே காற்று 1.8-க்குப் பதிலாக அதை ஆறில் ஐந்தால் வகுத்த அளவு, அதாவது 2.16 மில்லி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்துக்குக் கிடைப்பது 2.34 மில்லி. அது 2.7-இல் 87 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இதே குழாய் ஏறத்தாழ 2.64 மில்லி இழுக்கும். அது குறிக்கு மிக அருகில்தான் இருக்கும். ரப்பர் பட்டை கட்டிய கையின் சிரையழுத்தத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஆகவே நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குழாய் நிறையாது.

பழைய டெக்னீசியன், செவ்வாய்ப்பேட்டை

ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். மலையில் குறைவாக இழுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கணக்காக இன்றுதான் பார்க்கிறேன்.

குறையும் அந்தச் சில துளிகள் ஏன் பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலக் குழாயில் 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் இருக்கிறது. ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதத்தில்தான் முழுப் பரிசோதனையும் நிற்கிறது. சிட்ரேட் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லேபில் அளந்து கால்சியம் சேர்த்து, எத்தனை வினாடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். இரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிகுந்து, சேர்க்கும் கால்சியத்தையும் அது விழுங்கிவிடும். உறையும் நேரம் உண்மையைவிட நீளமாகத் தெரியும். மருத்துவர் அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால், அந்தப் பெரியவரின் வால்வில் இரத்தக் கட்டி சேரலாம். சேலத்து லேப் திருப்பி அனுப்பியது சரிதான். காரணத்தை உங்கள்மேல் போட்டதுதான் தவறு.

செய்யக் கூடாதவை இரண்டு. பாதி நிறைந்த இரண்டு குழாய்களை ஒன்றாக ஊற்றி நிரப்பாதீர்கள், சிட்ரேட் இரட்டிப்பாகிவிடும். சிரிஞ்சின் ஊசியால் மூடியைக் குத்தி இரத்தத்தை அழுத்தித் தள்ளாதீர்கள். சிவப்பணுக்கள் உடைந்துபோகும், ஊசி உங்கள் விரலிலும் ஏறலாம். உயரமான ஊர்களுக்கென்றே வெற்றிடம் கூட்டிச் செய்த குழாய்கள் உண்டு. விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் வரை வெற்றிடம் இல்லாத, மூடியைத் திறக்கும் வகைச் சிட்ரேட் குழாயை வாங்கிக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் உட்சுவரோரமாகக் குறி வரை விட்டு, மூன்று நான்கு முறை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்க வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி ஊசி பயன்படுத்துவீர்களானால் இன்னொன்று. அதன் நீண்ட பிளாஸ்டிக் குழாயிலுள்ள காற்று முதல் குழாய்க்குள் போய்விடும். அதனால் நீலத்துக்கு முன் வேறொரு நீலக் குழாயில் சிறிது எடுத்து, அதைத் தள்ளிவிட வேண்டும்.

ஏற்காடு மையம்

இதை எழுதும்போது கண் கலங்குகிறது, ஐயா. ஓர் ஐயம்: அப்படியானால் ஊதா மூடியும் குறைவாகத்தானே இழுக்கும்? அதை மட்டும் ஏன் அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை?

நோயியல் மருத்துவர்

ஊதாக் குழாயில் இருப்பது ஈ.டி.டி.ஏ. அதுவும் கால்சியத்தைப் பிடிப்பதுதான். ஆனால் நாம் அங்கே அணுக்களை எண்ணுகிறோமே தவிர, உறையும் நேரத்தை அளப்பதில்லை. மேலும் குழாயின் உட்சுவரில் உலர்ந்த தூளாகவே அது பூசப்பட்டிருக்கும் என்பதால் இரத்தம் நீர்த்துப்போவதும் இல்லை. பத்துப் பதினைந்து விழுக்காடு குறைவதை எண்ணிக்கை தாங்கிக்கொள்ளும். பாதிக்கும் கீழே போனால் சிவப்பணுக்கள் சுருங்கி, அணுக்கன அளவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, குறைவாகக் காட்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். பொட்டாசியத்துக்குக் காரணம், நீங்கள் தவறாமல் வைக்கும் அந்த ஐஸ் பேக் என்று கருதுகிறேன்.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அணுவின் உறையிலுள்ள பம்ப் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பம்ப் இயங்க வெப்பம் வேண்டும். குளிரில் அது ஏறக்குறைய நின்றுவிடுவதால், கசிந்தது கசிந்தபடியே சீரத்தில், அதாவது உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், சேர்கிறது. சீரத்தைப் பிரிக்காத முழு இரத்தத்தை ஐஸில் வைத்து அனுப்பினால், சிவப்பணு ஒன்றுகூட உடையாமலேயே பொட்டாசியம் ஏறிவிடும். சீரத்தில் சிவப்பு நிறம் தெரியாததால் லேபில் இருப்பவருக்கும் ஐயம் வராது. உங்கள் ஊரின் மார்கழி விடியற்காலையில் ஐஸ் பேக் இல்லாமலேகூட இது நேரலாம். நீலக் குழாய்க்கும் இதே அறிவுரைதான்: புரோத்ராம்பின் நேரத்துக்கான முழு இரத்தத்தை அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள்.

சர்க்கரையில் கதை தலைகீழ். அங்கே வெப்பம்தான் பகை. பிரிக்காத இரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறதே என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபுளோரைடு தடுப்பது சர்க்கரைச் சிதைவின் கடைசிப் படிகளில் ஒன்றை மட்டுமே. முந்தைய படிகள் அடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் போனது போனதுதான்.

ஆகவே ஒரே பெட்டியில் ஒரு குழாய்க்குக் குளிர் ஆகாது, மற்றொன்றுக்கு வெப்பம் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான தீர்வு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. அது அந்தச் சென்ட்ரிஃபியூஜ். மஞ்சள் மூடி ஜெல் குழாயை அரை மணி நேரம் நிறுத்திவைத்து உறையவிட்டு, ஏற்காட்டிலேயே சுழற்றிவிடுங்கள். அந்த ஜெல்லின் அடர்த்தி சீரத்தைவிட அதிகம், அணுக்களைவிடக் குறைவு. சுழலும்போது அது நெகிழ்ந்து நகர்ந்து இரண்டுக்கும் நடுவே போய் அமர்ந்து, நின்றதும் இறுகிச் சுவராகிவிடும். எவ்வளவு எளிய கண்டுபிடிப்பு என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். அந்தச் சுவர் அமைந்தபின் பொட்டாசியமும் கசியாது, சர்க்கரையும் குறையாது, ஐஸும் வைக்கலாம். ஒரு முறை சுழற்றிய ஜெல் குழாயை மறுபடி சுழற்ற வேண்டாம் என்று சேலத்திலும் சொல்லிவிடுங்கள். ஜெல்லுக்கு அடியில் தேங்கிய பொட்டாசியம் மேலே வந்துவிடும்.

ஏற்காடு மையம்

அம்மா, எங்கள் சென்ட்ரிஃபியூஜின் திருகில் ஆயிரம் முதல் நாலாயிரம் வரை எண்கள் மட்டும் உள்ளன. குழாய் உறையில் 1,300 ஜி, பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறது. எதில் வைப்பது?

இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

ஜி என்பது புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு விசை என்பது. அது சுற்றின் வேகத்தை மட்டுமன்றி ஆரத்தையும் பொறுத்தது. நடு அச்சிலிருந்து, குழாய் சுழலும் நிலையில் அதன் அடி வரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்று; 15 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2,800 சுற்று. எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சுழற்சி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நூலில் கோத்த பொத்தானை இரு கையாலும் இழுத்து இழுத்து விர்ரென்று சுழலவிடுவோமே, அந்த விளையாட்டைப் பார்த்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2017-இல் காகிதத்தாலான சென்ட்ரிஃபியூஜை வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது; மின்சாரம் வேண்டாம்; ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மலைக் கிராமங்களுக்கு இது ஏன் வரவில்லை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பழைய டெக்னீசியன், செவ்வாய்ப்பேட்டை

அதன் அறிவை மதிக்கிறேன், ஐயா. ஆனால் அதில் சுழல்வது விரலில் குத்தி எடுத்த சில துளிகள் நிறைந்த நுண்குழாய். அணுக்கன அளவு பார்க்கவும் மலேரியாக் கிருமியைத் தேடவும் அது போதும். பொட்டாசியமும் யூரியாவும் பார்க்க வேண்டிய மஞ்சள் மூடிக் குழாய்க்கு இந்த அம்மாவின் மேசையில் இருக்கும் இயந்திரம்தான் வேண்டும்.

அம்மாபேட்டை

முதலில் கையைக் குறை சொன்னதற்கு வருந்துகிறேன். ஆனால் இவ்வளவு பாடுபட்டு மலையிலிருந்து இறக்குவதற்குப் பதிலாக இரத்த அணுக்களை எண்ணும் ஒரு செல் கவுண்டரை ஏற்காட்டிலேயே வைத்துவிட்டால் என்ன? இப்போது சிறிய அளவிலேயே கிடைக்கின்றனவே.

நோயியல் மருத்துவர்

வைக்கலாம், வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதனருகில் ஒரு நுண்ணோக்கியும், அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயமும், அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் இருக்க வேண்டும்.

வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற தத்துவமே இன்றும் பெரும்பாலான சிறிய கவுண்டர்களின் அடிப்படை. உப்புக் கரைசலில் நீர்த்த இரத்தத்தை ஒரு நுண்துளை வழியாக இழுத்து, துளையின் இருபுறமும் மின்னோட்டம் விடுவார்கள். அணு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எனவே ஒவ்வோர் அணுவும் துளையைக் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும். அந்தத் துடிப்பின் உயரம் அணுவின் பருமனைச் சொல்கிறது. நுண்ணோக்கியின் கீழ் நியூபாயர் கண்ணாடியின் சதுரங்களில் சில நூறு அணுக்களை எண்ணிப் பெருக்கிக்கொண்டிருந்த கைக்கு, ஒரு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்தது அந்தத் துளை. ஆனால் அந்தத் துளைக்குத் தெரிந்தது பருமன் மட்டுமே. கடப்பது இன்னது என்று அதற்குத் தெரியாது.

சிலருடைய இரத்தத்தில், ஈ.டி.டி.ஏ. பட்டவுடன் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்து தட்டணுக்குரிய பருமனைத் தாண்டிவிடுவதால் கவுண்டர் அதைத் தட்டணுவாக எண்ணாது. டெங்கு பரவும் காலத்தில் தட்டணு 38,000 மட்டுமே என்று அச்சிட்டு வந்த ஒரு சிறுமியின் முடிவு என் கைக்கு வந்தது. காய்ச்சல் அடங்கி விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அவள். கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சுப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓரங்களில் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தட்டணுக்கள். நீலக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணி, சிட்ரேட் நீர்ப்புக்காக 1.1-ஆல் பெருக்கினோம். இயல்பான எண்ணிக்கை வந்தது. பெற்றோர் அதற்குள் தட்டணு ஏற்றுவதற்கு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

நாகலூர்ப் பகுதிச் செவிலியர்

மருத்துவர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாளணு இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்துக்குப் பிறகு, பழங்குடி மக்களின் ஊர்களில் கரைதிறன் பரிசோதனை என்ற சொல் பரவலாகிவிட்டது. கரைசலில் இரத்தத்தைக் கலந்து, பின்னால் பிடித்த கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது. கலங்கினால் அரிவாளணு ஹீமோகுளோபின் உண்டு. ஆனால் அது ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்ததா, இரு பக்கமும் வந்த நோயா என்பதை அந்தக் கலங்கல் சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவிக்கு ஊதாக் குழாயில் மாதிரி அனுப்பியாக வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கும், இரத்தசோகை முற்றியவருக்கும் கலங்காமலே ஏமாற்றிவிடும். கலங்கிய உடனே வீட்டில் அழுகை தொடங்கிவிடுவதைப் பார்க்கிறோம். முடிவு வரும் வரை எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள் என்று பணியாளர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்காடு மையம்

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆசிரியர் ஐயாவின் கணக்கைத் தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, வெற்றிடம் இல்லாத சிட்ரேட் குழாய்களுக்கு அவரே ஆர்டர் கொடுத்தார். அதன் பிறகு ஒரு நீலக் குழாயும் திரும்பவில்லை. தோட்டத்துப் பெரியவருக்கு ஒரே முறையில் முடிவு வந்தது.

எங்கள் சென்ட்ரிஃபியூஜின் ஆரம் 12 சென்டிமீட்டர் இருந்தது. 3,100 சுற்றில் வைக்கிறேன். சுழற்றிய பிறகே பெட்டியில் அடுக்குகிறேன். ஐஸ் பேக்கை நீலக் குழாய்களிடமிருந்து தெர்மாகோல் தடுப்பு வைத்துப் பிரித்துவிட்டேன். பொட்டாசியம் இப்போது நான்கைச் சுற்றியே வருகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் காலையில் அறையே மிகக் குளிர்ந்திருக்கிறது. அரை மணி நேரம் வைத்தும் சில மஞ்சள் மூடிக் குழாய்கள் சரியாக உறையவில்லை. சுழற்றிய பின் சீரத்தில் நூல்போல இழை தெரிகிறது.

நோயியல் மருத்துவர்

அந்த இழை ஃபைப்ரின் என்ற உறைவுப் புரதம். அது பகுப்பாய்வுக் கருவியின் உறிஞ்சுமுனையை அடைத்துவிடும். அளவும் குறைந்து தவறான முடிவு வரும். அரை மணி என்பது 20 முதல் 25 டிகிரி உள்ள அறைக்குச் சொன்ன கணக்கு. குழாய்களை அறையிலேயே வெதுவெதுப்பான மூலையில் நிறுத்திவையுங்கள். அடுப்பருகிலோ வெயிலிலோ வேண்டாம். குழாயை மெல்லச் சாய்த்துப் பார்த்து, உறைவு முழுவதும் இறுகியிருந்தால் மட்டும் சுழற்றுங்கள். அந்தப் பெரியவரைப் போல உறைவு தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நேரமாகும். அவர்களுடைய குழாய்களைத் தனியாகக் குறித்துக் கடைசியில் சுழற்றுங்கள்.

ஏற்காடு மையம்

நன்றி, அம்மா. நாளைக் காலை முதல் அப்படியே செய்கிறேன். அறையில் ஒரு வெப்பமானியும் மாட்டிவிடுகிறேன்.